பதிவு எண் 17, தொடர் எண் 45

ஜூன் 4, ஞாயிறு

மாலையில் ‘கிடங்கு’ நிகழ்ச்சி. பழைய நூற்பாலையின் பஞ்சுக் கிடங்குக்கு வெள்ளையடித்து, சுவரில் ஓவியங்களை மாட்டி, மூலையில் காபி போடுகிறார்கள். நடத்துபவர் தீபலட்சுமி. ஞாயிறுதோறும் நான்கு மணியிலிருந்து ஏழு வரை ஆம்பியன்ட் இசை வேண்டுமாம். கோயமுத்தூரில் ஆம்பியன்ட் போடும் டிஜேக்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். நானும் ஃபெலிக்ஸும். இருவரும் வெள்ளோட்டம் பார்க்கப் போயிருந்தோம்.

ஆம்பியன்ட் என்பது தாளம் இல்லாத, பாட்டு இல்லாத, எங்கேயும் போய்ச் சேராத இசை. என் மனைவி வசந்தாமணி பதினோரு ஆண்டுகளாக வீட்டில் இதைக் கேட்டுவருகிறாள். “ஏனுங்க, இது எப்ப ஆரம்பிக்கும்?” என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

மேசையின் இடப்பக்கம் என்னுடைய இரண்டு டர்ன்டேபிள்கள், வலப்பக்கம் ஃபெலிக்ஸின் லேப்டாப். நான் ஓர் இசைத்தட்டு வைப்பேன், அது தேய்ந்து அடங்கும்போது அவன் ஒலிக்கோப்பு ஒன்றை ஏற்றுவான். பத்து ஆண்டுகளாக இப்படித்தான். இன்று அவன் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டான். நான் கண்டித்தேன். அவன் பதில் சொன்னான். கிசுகிசுத்துத்தான் பேசினோம். ஆனால் எங்கள் இசையில் கிசுகிசுப்பது ஒலிபெருக்கியில் பேசுவதற்குச் சமம். கேட்டுக்கொண்டிருந்த பதினான்கு பேரில் ஒருவர், அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று எண்ணிக் கைதட்டினார்.

முடிந்ததும் தீபலட்சுமி சொன்னார்: “முத்து சார், ரெண்டு பேரும் நல்லா பண்றீங்க. ஆனா மேசை ஒண்ணுதான். இங்கயே நிரந்தரமா ஒரு செட்டு போட்டுடறேன். தட்டா, லேப்டாப்பான்னு நீங்களே பேசி இருபத்திரெண்டாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க. இருபத்தஞ்சுல இருந்து ஆரம்பிச்சிடலாம்.”

ஃபெலிக்ஸிடம் ஒரு தட்டு கூட இல்லை. என் தட்டுகளை அவன் தொடுவதை நான் அனுமதிப்பதில்லை, கைரேகை படியும். லேப்டாப்பை நான் தொடுவதில்லை, அது கொள்கை. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓர் ஆள் வெளியே.

“நீங்களே முடிவு பண்ணுங்ணா,” என்றான் ஃபெலிக்ஸ், வயரைச் சுருட்டிக்கொண்டே.

பாரபட்சமில்லாத ஒருவனிடம் பொறுப்பு வந்ததில் திருப்தி. முடிவு எனக்கு வண்டி நிறுத்தத்துக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆயினும் பதினெட்டு நாள் ஆராய்வேன். அவசரம் நூலகருக்கு அழகல்ல.

ஜூன் 5, திங்கள்

கல்லூரி நூலகத்தில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு தொடங்கியது. எந்திரவியல் அடுக்கில் நான்கு புத்தகங்களைக் காணோம். சமையல் புத்தகம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

மாலையில் வீட்டுத் தட்டுகளையும் சரிபார்த்தேன். மொத்தம் 212. ஒவ்வொன்றின் நடுவிலும் நூலக முறைப்படி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பதிவு எண் எழுதியிருக்கிறேன். தட்டின் நடுவில் இருக்கும் அச்சு விளம்பரங்கள் எனக்குத் தேவையில்லை. தேவையான விவரம் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.

பதிவு எண் 17-ஐ எடுத்துத் துடைத்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த வில்லும்சன் என்பவர் சொந்தமாக வெளியிட்ட ‘வடக்குச் சன்னல்’. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் பழைய தட்டுக் கடையில் வாங்கியது. என் எல்லா நிகழ்ச்சிகளும் இதில்தான் தொடங்கும். உறையின் பின்பக்க மூலையில் 45 என்று இருக்கிறது. பதிவேட்டில் ‘தொடர் எண் 45’ என்று ஏற்றியிருக்கிறேன். இந்தத் தொடரின் முதல் நாற்பத்துநான்கு தட்டுகளை அன்றிலிருந்து தேடிவருகிறேன். ஒன்றுகூட அகப்படவில்லை. மிக அரிய தொடர்.

ஜூன் 7, புதன்

ஃபெலிக்ஸ் போன் செய்தான். அவன் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியர். ஓசூருக்கு மாற்றல் தருகிறார்களாம். போவதும் போகாததும் அவன் விருப்பமாம். இருபத்திரெண்டாம் தேதி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் அப்போது ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், முழுதாகக் காதில் விழவில்லை. ஓசூரில் தட்பவெப்பம் நன்றாக இருக்கும் என்றேன்.

“அப்படிங்களாண்ணா,” என்று வைத்துவிட்டான்.

ஜூன் 8, வியாழன்

ஆய்வுக் குறிப்புகள். டிஜிட்டலில் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி எண்களாக்குகிறார்கள். பிறகு எண்களை ஒட்டி ஒலியாக்குகிறார்கள். தேங்காயைத் துருவிவிட்டு மறுபடியும் ஓட்டில் அப்புவது போன்றது. தட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பள்ளம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, இடையில் கணக்கு எதுவும் இல்லை. பொத்தான்கள் கூட இரண்டுதான்: 33, 45. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது (33 என்பது துல்லியமாக 33⅓). பெரிய தட்டென்றால் 33, சின்னத் தட்டென்றால் 45. என் தட்டுகள் அனைத்தும் பெரியவை. 45-ஐ நான் அழுத்தியதே கிடையாது.

தட்டின் உறுதிக்கு என்னிடம் நேரடிச் சான்றும் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஒரு விடுதியில் போட்டுக்கொண்டிருந்தோம். மரத்தரை. யாரோ ஒரு பெரியவர் நாற்காலியோடு சரிந்ததில், பதிவு எண் 17-இன் மேல் இருந்த ஊசி தெறித்து ஓரத்துக்கே போய்விட்டது. இசை நிற்கவில்லை. ஒரு கணம்கூட நிற்கவில்லை. அன்றைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன்: “ஊசி விலகியும் ஒலி தொடர்ந்தது. தட்டின் அதிர்வு காற்றில் அவ்வளவு நேரம் தங்குகிறது. டிஜிட்டலில் இது நடக்காது.” ஃபெலிக்ஸும் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தான். மறுக்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

ஆய்வின் முக்கிய நாள். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கும் சோதனை.

நேற்றே ஃபெலிக்ஸ் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்து கொடுத்தான். “நம்ம ரெண்டு பேரும் போடற பாட்டெல்லாம் இதுல இருக்குங்ணா. அந்த டென்மார்க்கும் இருக்கு. டெஸ்டுக்கு வேணும்னா இதையே போடலாம்.” வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். எதிர்க்கட்சி கொண்டுவரும் சாட்சியை அப்படியே ஏற்க முடியாது. வில்லும்சனின் இணையதளத்திலேயே ‘வடக்குச் சன்னல்’ கோப்பை வாங்கி வசந்தாமணியின் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்திருந்தேன்.

முதலில் இரண்டையும் முழுதாக ஒருமுறை ஓடவிட்டோம். பிறகு வசந்தாமணியின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஃபெலிக்ஸ் மாற்றி மாற்றிப் போட்டான். ஊசியை மட்டும் வைக்க விட்டேன், கையுறையோடு.

பத்துக்குப் பத்து. ஒருமுறைகூடத் தவறவில்லை. முதல் இரண்டு நொடியிலேயே சொல்லிவிட்டேன். தட்டில் அந்தப் பெரிய மணியொலி கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது, ஆழம், நிதானம், கனம். டிஜிட்டலில் அதே மணி ஐஸ்காரன் மணி மாதிரி இருக்கிறது. மெலிந்து, உயர்ந்து, பரபரவென்று. எண்களாக வெட்டியதில் அடிக்கனம் முழுக்கச் சிந்திவிட்டது.

வசந்தாமணி கணக்கு டீச்சர். பள்ளி திறப்பதால் ஓரமாக உட்கார்ந்து டைம்டேபிள் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, மொதல்ல முழுசா போட்டீங்களே, தட்டுல எட்டு நிமிஷம் இருபது செகண்டு ஓடுச்சு. கம்ப்யூட்டர்ல ஆறு நிமிஷம் பத்து. ரெண்டும் ஒரே பாட்டுங்களா?”

“ஒரே இசைதான். டிஜிட்டலில் சுருக்குவார்கள். படித்திருக்கிறேன்,” என்றேன். இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சுருக்குவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து நொடியை விழுங்கியிருக்கிறார்கள்.

அவள் டைம்டேபிள் தாளின் ஓரத்தில் ஏதோ வகுத்தாள். “புள்ளி ஏழு நாலு வருது. உங்க மிஷின்ல புள்ளி ஏழு நாலு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லை.”

ஃபெலிக்ஸுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. தோல்வியைத் தனிமையில் எதிர்கொள்ள விரும்பியிருப்பான். நானும் வற்புறுத்தவில்லை.

வந்ததும், “நீங்க ஜெயிச்சுட்டீங்ணா,” என்றான். “எனக்கும் தட்டுல கேக்கறதுதான் புடிச்சிருக்கு.” நேர்மையான ஆள்.

ஜூன் 12, திங்கள்

டென்மார்க்குக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு பக்கம். தங்கள் கோப்பில் இசையின் கால்வாசி காணாமல்போயிருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்; வாங்குபவர்களுக்கு எச்சரிக்கை வெளியிடுவது நல்லது; தவிர, இத்தொடரின் முதல் நாற்பத்துநான்கு தட்டுகள் எங்கே கிடைக்கும் என்று தெரிவிக்கவும். சோதனை முறையையும் துண்டு உட்பட விளக்கியிருந்தேன்.

எந்திரவியல் புத்தகங்களில் இரண்டு கிடைத்தன. எந்திரவியல் துறையிலேயே இருந்தன. அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

ஆய்வு முடிவுகளை வசந்தாமணிக்கு வாசித்துக் காட்டினேன். பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு இல்லை.

ஜூன் 16, வெள்ளி

வசந்தாமணி காலையில் இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உட்காருவது வழக்கமில்லை.

“தட்டுன்னு சொல்லப் போறீங்களா?”

“ஆய்வு அப்படித்தான் சொல்கிறது.”

“அப்புறம் ஃபெலிக்ஸு ஓசூரு போயிருவாப்ல. ஞாயித்துக்கெழமை இருந்தா இருக்கறேன், இல்லீன்னா இங்க எனக்கு என்னக்கான்னு எங்கிட்ட சொன்னாப்ல. உங்ககிட்டயும் சொன்னேன்னாரே?”

“ஊசி துடைத்துக்கொண்டிருந்தேன்.”

“நல்லாத் தொடச்சீங்க.” தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இட்லித் தட்டு. நான் இன்னும் முடித்திருக்கவில்லை.

ஃபெலிக்ஸ் முதன்முதலில் வந்தது நினைவுக்கு வந்தது. ஆய்வுக்குத் தொடர்பில்லாதது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நூலக லிஃப்ட் பழுது. மாலை ஐந்தரை, வாசகர்கள் போய்விட்டார்கள். அலுவலக அறையில் பதிவு எண் 17-ஐப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பேனரும் கிரீஸ் கையுமாக வாசலில் வந்து நின்றான். எட்டு நிமிடமும் நின்றான்.

“சார், இது லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மாதிரி இருக்குங்க.”

“வெளியே போய் வேலையைப் பாருங்கள்.”

“இல்லீங்க சார், நல்லா இருக்குன்னு சொல்றேன். அந்த நேரத்துல யாரும் நம்மள எங்கயும் கூப்பிட முடியாது பாருங்க.”

இந்த இசையைப் பற்றி உலகில் எழுதப்பட்ட பலவற்றை நான் படித்திருக்கிறேன். அதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை. அவனிடம் சொன்னதில்லை.

ஆயினும் உண்மை வேறு, நட்பு வேறு. பத்துக்குப் பத்து.

ஜூன் 19, திங்கள்

டென்மார்க்கிலிருந்து பதில் வந்தது. சிறிய கடிதம். சுருக்கமாக எழுதுபவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு.

இருப்புச் சரிபார்ப்பு நிறைவு. மற்றபடி குறிப்பிட ஒன்றுமில்லை.

ஜூன் 20, செவ்வாய்

சாரல். காற்று. சீக்கிரம் படுத்தேன்.

ஜூன் 21, புதன்

அரை நாள் விடுப்பு எடுத்தேன். வசந்தாமணி பள்ளிக்குப் போயிருந்தாள்.

டென்மார்க் கடிதத்தை ஆவணத்துக்காக இங்கே பெயர்த்து எழுதுகிறேன். “அன்புள்ள ஐயா, கோப்பில் எதுவும் காணாமல்போகவில்லை. அந்த இசை ஆறு நிமிடம் பத்து நொடிதான். தட்டு பெரியதாக இருந்தாலும் 45-இல் ஓட வேண்டியது. நடுவில் பெரிதாக அச்சிட்டிருக்கிறேனே, பார்க்கவில்லையா? உறையிலும் போட்டிருக்கிறேன். நாற்பத்துநான்கு தட்டுகள் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. நான் வாழ்க்கையில் செய்தது இரண்டு தட்டு. அன்புடன், வில்லும்சன்.”

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, நகம் படாமல் ஸ்டிக்கரை உரித்தேன். இருபது நிமிடம் ஆனது. பசை நல்ல பசை. நானே தேர்ந்தெடுத்தது.

45.

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

அந்தப் பொத்தானை அழுத்தினேன். பதினோரு ஆண்டில் முதல்முறை; விறைப்பாக இருந்தது. ஓடியது. ரேஸ்கோர்ஸில் காலை நடை போகிறவர்கள் மாதிரி ஓர் இசை. ஆரோக்கியமாக, கையை வீசிக்கொண்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்பது போல. ஐஸ்காரன் மணி. பாவம், வில்லும்சன் தவறாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதை என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை.

ஆய்வு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இழுப்பறையிலிருந்து ஃபெலிக்ஸின் பென் டிரைவை எடுத்து, வசந்தாமணியின் கம்ப்யூட்டரில் செருகினேன். நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். ‘ட்ராக் 1’, ‘ட்ராக் 1 புதுசு’, ‘ட்ராக் 1 இதான் கரெக்ட்’. எந்த வகைப்பாடும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் ‘குன்னூர்’ என்ற ஃபோல்டருக்குள் ஒன்று இருந்தது. நீளம் எட்டு நிமிடம் இருபது நொடி. உருவாக்கிய தேதி, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜூலை. எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்.

கோப்பின் பெயர்: ‘முத்துண்ணா வேகம்’.

போட்டேன். அதே கிணறு. அதே மணி. கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தால் பத்துக்குப் பத்து தவறியிருப்பேன்.

குன்னூரில் தட்டின் அதிர்வு காற்றில் தங்கியது குறித்து நான் எழுதியதை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம்.

காபி போட்டுக் குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். பரவாயில்லை, குடித்தேன்.

ஜூன் 22, வியாழன்

காலை பத்து மணிக்கு தீபலட்சுமியைக் கூப்பிட்டேன். “லேப்டாப். தீர விசாரித்து எடுத்த முடிவு.”

“நிஜமாவா சார்? நீங்க தட்டுன்னு சொல்வீங்கன்னு நான் மேசையில அதுக்கு இடமே அளந்து வெச்சிருக்கேன்.”

“ஆய்வின் முடிவு ஆய்வாளரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல.”

பிறகு ஃபெலிக்ஸைக் கூப்பிட்டு, நூலக லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்றேன். பதினொன்றரைக்கு வந்தான். ஏறி இறங்கிப் பார்த்தான்.

“சத்தம் ஒண்ணுமில்லையேண்ணா.”

“இப்போது இல்லை. இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்தான். தீபலட்சுமியிடம் சொல்லிவிட்டேன்.”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “ஏண்ணா? பத்துக்குப் பத்துல்ல?”

“ஜூன் மாதக் காற்று. தூசி. தட்டுக்கு ஆகாது. மேசையும் சின்னது.”

என் முகத்தைப் பார்த்தான். “ஸ்டிக்கரை உரிச்சீங்களாண்ணா?”

“எந்த ஸ்டிக்கர்?”

“சரிங்ணா.”

லிஃப்ட் கதவைத் திறந்து மூடினான். மறுபடி திறந்து மூடினான். அதில் பழுது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஓசூர் என்ன ஆயிற்று?” என்றேன்.

“அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும். இங்கயே இருக்கறேன்னு குடுத்துடறேன். சரி, நீங்க என்ன பண்ணுவீங்க ஞாயித்துக்கெழம?”

“வந்து உட்கார்ந்து கேட்பேன்.”

“கேக்கறதா? நல்லா இருக்கே. நாலாயிரம் பாட்டு இருக்குதுங்ணா. போன மாசம் ஒரு பாட்டைத் தேடி ஒன்னரை மணி நேரம். பேரெல்லாம் என்ன லட்சணத்துல வெச்சிருக்கறேன்னு பாத்தீங்கல்ல…” என்று நிறுத்தினான். “பாத்திருக்க மாட்டீங்க. நீங்கதான் பென் டிரைவைத் தொடவே இல்லையே.”

“தொடவில்லை.”

“யாராச்சும் படிச்சவங்க உக்காந்து அடுக்கிக் குடுத்தாத்தான் உண்டு. அடுத்து எதுன்னு சொல்றதுக்கும் பக்கத்துல ஆளு வேணும். நான் பட்டனை அமுக்கறவன்தானுங்ணா.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மதிய உணவுக்குள் வகைப்பாட்டுத் திட்டம் தயாராகிவிட்டது. மூலம், நீளம், சுருதி, மனநிலை, வேகம். ‘வேகம்’ என்ற தலைப்பை முதலில் வைத்தேன்.

டிஜிட்டலில் நான் கண்ட ஒரே குறை பட்டியல் இல்லாததுதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒலியில் குறை இருப்பதாக நான் சொன்னதாக நினைவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

கிடங்கில் முப்பத்தொரு பேர். வசந்தாமணியும் வந்திருந்தாள், பத்து ஆண்டில் முதல்முறையாக, முதல் வரிசையில், கைப்பையில் டைம்டேபிளோடு.

மேசையில் ஒரு லேப்டாப். பின்னால் இரண்டு நாற்காலி. தட்டுகள் வீட்டில்.

நான்கு மணிக்கு ஃபெலிக்ஸ் கேட்டான்: “மொதல்ல எதுங்ணா?”

“வழக்கமாகத் தொடங்குவதுதான்.”

பட்டியலில் நகர்ந்து ‘வடக்குச் சன்னல்’ என்ற இடத்தில் நின்றான். கீழே இரண்டு கோப்புகள்: ஒன்று வில்லும்சனின் ஆறு நிமிடம் பத்து. இன்னொன்றின் பெயரை அடுக்கும்போது நான் மாற்றாமல் விட்டிருந்தேன். நாலாயிரத்தில் நான் பெயர் மாற்றாத ஒரே கோப்பு அதுதான். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எந்த வேகத்துல போடட்டும்ணா?” என்றான். குரலில் இருமல் மாதிரி ஏதோ இருந்தது.

“பெயரில் இருக்கும் வேகத்தில்.”

கிசுகிசுத்துத்தான் பேசினோம். முப்பத்தொரு பேருக்கும் கேட்டிருக்கும். யாருக்கும் புரிந்திருக்காது.

கிணற்றிலிருந்து மணி எழுந்தது. யாரும் அசையவில்லை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. வசந்தாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடம் இருபது நொடி முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டது என்பது போல. இடையில் ஒருமுறைகூட எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கவில்லை.

தீபலட்சுமி காபியோடு வந்தார். “சார், போன வாட்டி தட்டுல போட்டீங்களே, அதுதானே? லேப்டாப்லயும் அதே மாதிரியே இருக்கே.”

“நல்ல டிஜிட்டல் அப்படித்தான் இருக்கும். தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.”

ஃபெலிக்ஸ் அடுத்த பாட்டைத் தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான்.

வீடு வந்ததும் வேறொரு வேலையை முடித்தேன். பதிவு எண் 17-க்குப் புதிய ஸ்டிக்கர் வெட்டி, பழைய இடத்திலேயே, அச்சிட்ட 45 தெரியாதபடி ஒட்டினேன். பதிவேட்டைத் திறந்து ‘தொடர் எண் 45’ என்பதை அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் குறிப்புக்கான கட்டம் பதினோரு ஆண்டாகக் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்:

“33-இல் மட்டும் இசைக்கவும்.”